வாசலில் நிற்கப் போகும் புது கார்: எதைத் துடைக்கலாம், எதைத் தொடக் கூடாது

கேள்வி இதுதான்: சென்னை கே.கே. நகரில் வாடகை வீடு. கீழே பைக் நிறுத்தத்தான் இடம். அடுத்த வியாழக்கிழமை முதல் கார் டெலிவரி, நிறம் கருநீலம். தெருவில்தான் நிற்க வேண்டும், தலைக்கு மேலே வேப்பமரம். கவர் வாங்கலாமா, ஷோரூமில் சொல்கிற கோட்டிங்கைப் போடலாமா, தினமும் துடைக்க ஆள் வைக்கலாமா, வாரம் எத்தனை தடவை கழுவ வேண்டும்?

முதல் காருக்கு வாழ்த்துகள். டிங்கரிங், பெயின்டிங் பட்டறை 22 வருடம் வைத்திருந்தவன் நான். கருநீலம் என்று படித்ததும் ஒரு பெருமூச்சு வந்தது. வெள்ளையோ சில்வரோ எடுத்திருந்தால் பாதிப் பதிலோடு விட்டிருப்பேன். கருப்பும் கருநீலமும் பார்க்க ராஜா மாதிரி இருக்கும், ஆனால் ஒரு கீறலைக்கூட மறைத்து வைக்கத் தெரியாது.

ஆள் வைக்கிற விஷயத்தை முதலில் பேசிவிடுகிறேன். வைக்காதீர்கள். பட்டறைக்கு வந்த கார்களில் வெயில் கெடுத்ததைவிட, காகம் கெடுத்ததைவிட, தினமும் துடைத்துக் கெட்டதுதான் அதிகம்.

விடியற்காலையில் உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். ஒரு வாளி, ஒரு துணி, பத்துப் பன்னிரண்டு கார். முதல் காரில் தண்ணீர் தண்ணீராக இருக்கும். ஐந்தாவது காருக்குப் போகும்போது டீக்கடையில் கிளாஸ் அலசும் பாத்திரம் மாதிரி ஆகியிருக்கும். துணியும் அதே துணிதான். முந்தின காரின் சக்கரத்தைத் துடைத்த கையோடு உங்கள் பானட்டுக்கு வரும். துடைப்பவரைக் குறை சொல்லவில்லை. மாதம் ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு, ஏழு மணிக்குள் பத்து வண்டியை முடிக்க வேண்டியவர் வேறென்ன செய்வார்?

காரின் மேல் படிகிற தூசியில் மணல் துகள் நிறைய உண்டு. மணல் என்றால் குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் அது 7. கண்ணாடியையே கீறிவிடும். காரின் வெளித்தோலோ ஒருவகைப் பிளாஸ்டிக். அந்தத் தூசியின் மேல் துணியை வைத்து அழுத்தி ஓர் இழுப்பு இழுத்தால், நைஸான உப்புத்தாளை வைத்துத் தேய்த்ததற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

அந்த வெளித்தோல் எவ்வளவு தடிமன் என்று தெரிந்துகொண்டால் நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்பது புரியும். கம்பெனியில் தகட்டை மின்சாரத் தொட்டியில் முக்கி எடுத்து முதல் பூச்சு ஏற்றுவார்கள். அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். எல்லாம் சேர்த்து 100, 120 மைக்ரான் வரும். அதில் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று ஏறக்குறைய 70 மைக்ரான். பளபளப்பு, வெயிலைத் தடுக்கும் சத்து எல்லாமே முடியைவிட மெல்லிய அந்த ஏட்டில்தான் இருக்கின்றன. கீறல் விழுந்துவிட்டால் காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசை போட்டு மெஷினில் தேய்த்துச் சரி செய்யலாம். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் இரண்டு மூன்று மைக்ரான் போய்விடும். போனதை எந்த பாலிஷும் திருப்பித் தராது.

ஒரு தடவை மூன்று வருடம்கூட ஆகாத கருப்பு செடான் ஒன்று வந்தது. டிக்கியில் சின்ன நசுங்கல், அவ்வளவுதான். உள்ளே கொண்டுவந்து ட்யூப் லைட்டைப் போட்டோம். லைட்டின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாக, சிலந்தி வலை மாதிரி, ஆயிரக்கணக்கில் மெல்லிய கோடுகள். வண்டிக்காரர் ஆடிப்போய்விட்டார். "தினமும் துடைக்கச் சொல்லி இருக்கேனே சார், ஒரு நாள்கூட விட்டதில்லையே" என்றார். அதுதான் காரணம் என்று சொல்ல எனக்குச் சங்கடமாக இருந்தது.

அதனால் தூசி படிந்தால் படியட்டும். சும்மா படிந்து கிடக்கிற தூசி பெயின்ட்டை ஒன்றும் செய்யாது. மூன்று நாள் தூசியோடு ஆபீசுக்குப் போக மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். மார்கழியில் இன்னொரு சபலம் வரும். காலையில் காரெல்லாம் பனி நனைத்திருக்கும், "ஈரமாத்தானே இருக்கு, ஒரு துடை துடைச்சிடலாம்" என்று தோன்றும். அந்த ஈரம் தூசியைக் கழுவிவிடப் போதாது, குழைக்கத்தான் போதும். வைப்பரைப் போட்டுக் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அதற்கும் முன்னால் கண்ணாடி மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிவிடுவது நல்லது.

காத்திருக்காத விஷயங்களும் உண்டு. முதலாவது பறவை எச்சம்.

எச்சத்தில் அமிலம் இருக்கிறது, அது அரித்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மைதான், ஆனால் பாதிதான். மே மாத மதியத்தில் கருநீல பானட் 70 டிகிரி செல்சியஸ் வரை சுடும். அந்தச் சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும். மேலே எச்சம் காய்ந்து ஓடு மாதிரி கெட்டியாக இருக்கும். சாயங்காலம் தகடு ஆறும்போது கிளியர் கோட் சுருங்கும், அப்போது அந்த ஓட்டின் மேடு பள்ளத்தை அச்சுப் பிடித்த மாதிரி வாங்கிக்கொள்ளும். எச்சத்தைக் கழுவிய பிறகும் மங்கலாக ஒரு தழும்பு நிற்கிறதே, அது இந்த அச்சுதான். அமிலமும் செரிமானச் சாறுகளும் தம் பங்குக்குச் செய்வதைச் செய்யும். டிசம்பர் மழையில் இரண்டு நாள் தாங்குகிற எச்சம், சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் வேலையை முடித்துவிடும்.

என் காரின் பானட்டிலேயே வலது ஓரத்தில் எட்டணா அளவு தழும்பு ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்காக ஊருக்குப் போய் மூன்று நாள் கழித்து வந்தேன். பெயின்ட் பட்டறைக்காரன் கார் என்று காகத்துக்கு என்ன தெரியும்?

எச்சத்தை எடுக்கும் முறை இது. டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, தண்ணீரில் நன்றாக நனைத்து, எச்சத்தின் மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். தகடு சுட்டால் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சூட்டை ஆற்றிக்கொள்ளுங்கள். பிறகு பேப்பரோடு சேர்த்துக் கிள்ளி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எச்சத்துக்குள் விதை இருக்கும், மண் இருக்கும், அதைத் தேய்த்தால் தழும்போடு கீறலும் சேரும். மிச்சம் ஒட்டியிருந்தால் இன்னொரு நனைத்த டிஷ்யூ. டிக்கியில் ஒரு ஸ்ப்ரே பாட்டில் தண்ணீர், கொஞ்சம் டிஷ்யூ, ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் சுத்தமான மைக்ரோபைபர் துணி இரண்டு எப்போதும் இருக்கட்டும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் போடுகிற எந்தக் கோட்டிங்கைவிடவும் இது உங்கள் பெயின்ட்டைக் காப்பாற்றும்.

எச்சம் விழாமலே பார்த்துக்கொள்ளலாமா என்றால், கொஞ்சம் முடியும். நிறுத்தும் முன் கீழே பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். கேபிள் வயர் சுருட்டித் தொங்குகிற கம்பம், அடர்ந்த கிளை, மொட்டை மாடியில் யாராவது காக்கைக்குச் சோறு வைக்கிற கைப்பிடிச் சுவர், இந்த மூன்றுக்கும் கீழே வேண்டாம். தார் ரோட்டில் வெள்ளைப் புள்ளிகள் எங்கே வரிசையாக இருக்கின்றன என்று பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டடி தள்ளி நிறுத்தினால் போதும், பாதித் தொல்லை தீரும்.

அடுத்தது உங்கள் வேப்பமரம். தெருமரங்களில் வேம்பு நல்ல ஜாதி. மாசி, பங்குனியில் இலை கொட்டும், பிறகு பூ. இரண்டாலும் பெயின்ட்டுக்கு ஆபத்தில்லை. பூவைப் பார்த்தால் ரசம் வைக்கலாமே என்று தோன்றுகிற அளவுக்குக் கொட்டும். ஆனி, ஆடியில் பழம் பழுக்கும்போதுதான் வேலை இருக்கிறது. பகலில் மைனாவும் காகமும், ராத்திரியில் வௌவாலும் வந்துவிடும். பாதி தின்ற பழம், கொட்டை, எச்சம் எல்லாம் காரின் மேல்தான். அந்த ஒன்றரை மாதம் வேறு இடம் பார்ப்பது உத்தமம்.

தூங்குமூஞ்சி மரத்தடி என்றால் வருடம் முழுக்கவே யோசிக்க வேண்டும். மாமரம் பூக்கிற தை, மாசியில் அதன் கீழே நிறுத்தினால் காரெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். மாம்பூவைத் தாக்குகிற தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சிவிட்டு வெளியேற்றும் சர்க்கரைத் தண்ணீர் அது. தொடாமல் விட்டால் எறும்பு வரும், கரும்பூஞ்சாணம் படரும். நாவல் மரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பழமும் ஊதா, அதைத் தின்ற பறவையின் எச்சமும் ஊதா.

ஒட்டுகிற சமாச்சாரத்தை எடுக்க ஒரே கணக்கு போதும்: அது எதில் கரையும்? வேப்பம்பிசினும் பூச்சியின் பிசுபிசுப்பும் தண்ணீரில் கரைகிற வகை. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியைப் போட்டு ஊறவிட்டால் தானாக விட்டுவிடும். பலாப்பால் மாதிரியான பாலும் குங்கிலியம் மாதிரியான பிசினும் தண்ணீருக்கு மசியாது. பலாப்பழம் நறுக்கும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்வோமே, அதே விதிதான். பாலுக்கு எண்ணெய், காய்ந்த பிசினுக்கு ஸ்பிரிட். கொரோனா காலத்தில் வாங்கி மீந்துபோன சானிடைசர் வீட்டில் இருந்தால் ஒரு துளி விட்டு, அரை நிமிடம் கழித்து ஒற்றி எடுத்து, உடனே தண்ணீர் ஊற்றுங்கள். ரோட்டுத் தார் தெறித்திருந்தால் துணியில் துளி மண்ணெண்ணெய், பிறகு ஷாம்பூ. பெயின்ட் தின்னரை மட்டும் யார் சொன்னாலும் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். நகத்தாலும் சுரண்டாதீர்கள்.

மரத்தடியா, வெட்ட வெயிலா என்று கேட்டால் மூன்றாவதாக ஒரு வழி உண்டு: கட்டட நிழல். உங்கள் தெரு வடக்கு தெற்காகப் போகிறதென்றால், மேற்குப் பக்க வீடுகளை ஒட்டி நிறுத்துங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் அந்த வீடுகளின் நிழலே காரின் மேல் விழும். காலை வெயில் படும், அது பரவாயில்லை. எச்சமும் இல்லை, பிசினும் இல்லை, பின்மதியச் சூடும் இல்லை. இரண்டு மாடி வீடு தருகிற நிழலை எந்த மரமும் இவ்வளவு சுத்தமாகத் தராது.

இப்போது தண்ணீர். கார் பராமரிப்பு பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஷாம்பூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள், தண்ணீரை விட்டுவிடுவார்கள். சென்னையில் தண்ணீர்தான் முதல் எதிரி. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்கிற கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு வழியில்லாத இடத்தில் 2,000 வரை போகலாம். போர் தண்ணீர் பல தெருக்களில் ஆயிரத்தைச் சாதாரணமாகத் தாண்டும். உங்கள் வீட்டில் 1,500 என்று வைத்துக்கொள்வோம். கழுவி முடித்ததும் ரூஃபிலும் பானட்டிலும் கதவிலுமாகக் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். அது வெயிலில் காய்ந்தால் 375 மில்லிகிராம் உப்பு அப்படியே தங்கிவிடும். 500 மில்லிகிராம் காய்ச்சல் மாத்திரை ஒன்றில் முக்கால் பங்கைப் பொடித்துக் கார் முழுக்கத் தூவிய மாதிரி. ஒவ்வொரு வாரமும்.

கருநீலத்தில் இது வெள்ளை வெள்ளை வட்டமாகத் தெரியும். புதிதாக இருக்கும்போது வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, நிழலில், ஆறிய தகட்டில், துணியால் ஒற்றி ஒரு நிமிடம் வைத்துவிட்டுக் கழுவினால் போய்விடும். மாதக்கணக்கில் விட்டு, அதன் மேல் வெயிலும் அடித்துவிட்டால் எச்சம் மாதிரியே இதுவும் தழும்பாகிவிடும். பிறகு மெஷின்தான் கதி.

அதனால் இரண்டு பழக்கம். ஒன்று, கழுவியதும் காயவிடாமல் உடனே ஈரத்தை எடுப்பது. இரண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீர். மெட்ரோ வாட்டர், அதாவது குடிநீர் வாரியத் தண்ணீர் வந்தால் அதில் ஒரு வாளி பிடித்து வையுங்கள். இல்லையென்றால் ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இருக்கிறது. காற்றின் ஈரம் குளிர்ந்து இறங்குவதால் அதில் உப்பே கிடையாது என்று சொல்லலாம். புழுக்கமான ஒரு ராத்திரியில் அரை வாளிக்குக் குறையாமல் சேரும். ஏ.சி.க்குள் இருக்கிற தூசி கொஞ்சம் வரும், வேட்டித் துணியில் வடிகட்டிக்கொள்ளுங்கள். நான் வருடக்கணக்காக இதைத்தான் செய்கிறேன். ஆர்.ஓ. மெஷின் கழித்துவிடுகிற தண்ணீரை மட்டும் காருக்கு ஊற்றாதீர்கள், போர் தண்ணீரின் உப்பு அதில் இன்னும் செறிந்திருக்கும்.

கழுவுவது வாரம் ஒரு முறை. வண்டி அதிகம் ஓடவில்லை என்றால் பத்து நாளுக்கு ஒன்று. காலை ஆறரைக்குள் அல்லது வெயில் இறங்கிய பிறகு. தொட்டால் தகடு குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரைத் தாராளமாக மேலிருந்து ஊற்றுங்கள். கை படும் முன்பே மண்ணில் பெரும்பகுதி வழிந்து போக வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பூ, மற்றதில் வெறும் தண்ணீர். மைக்ரோபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி ஒரு பகுதியைக் கழுவுங்கள், வெறும் தண்ணீரில் அலசுங்கள், மறுபடி ஷாம்பூ. ரூஃபில் தொடங்கி கண்ணாடி, பானட், கதவின் மேல்பாதி என்று இறங்கி வாருங்கள். கதவின் கீழ்ப்பாதியும் பம்பரும் கடைசியில். சக்கரத்துக்கு வேறு துணி, வேறு வாளி, இதில் சமரசமே வேண்டாம். நேர்க்கோட்டில் இழுங்கள், வட்டமாகச் சுற்றாதீர்கள். துணி கைதவறிக் கீழே விழுந்தால் அது அன்றைக்குக் காருக்கு ஆகாது, தரை துடைக்கட்டும்.

பாத்திரம் கழுவும் சோப்பு, துணி சோப்புத் தூள் வேண்டாம். அழுக்கோடு மேலே பூசிய மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். பட்டறையில் நாங்கள் பயன்படுத்தின திருப்பூர் பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணி கைக்கு மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் தையலும் பட்டனும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. பெரிய மைக்ரோபைபர் டவல் ஒன்று வாங்கி, விரித்துப் போட்டு, ஒற்றி எடுங்கள். அதைத் தனியாகத் துவையுங்கள். குளியல் துண்டோடு சேர்த்துப் போட்டால் பஞ்சு அப்பிக்கொள்ளும். துணி மணக்கப் போடுகிற திரவமும் வேண்டாம், ஈரம் உறிஞ்சுவது நின்றுவிடும்.

2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தருகிற பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற தெருவில் கார் கழுவ யாருக்கு மனசு வரும்? அந்த வருடம்தான் அலசத் தேவையில்லாத வாஷ் திரவத்துக்குப் பழகினேன். அரை வாளித் தண்ணீரில் பாட்டிலில் சொல்லியிருக்கும் அளவு கலந்து, ஏழெட்டுத் துணிகளை முக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பகுதிக்கும் புதுத் துணி எடுத்துத் துடைக்க வேண்டும். திரவம் வழுவழுப்பாக மண்ணைச் சூழ்ந்துகொண்டு கீறாமல் தூக்கும். மாடி வீட்டிலிருந்து வாளி தூக்கி இறங்குகிற உங்களுக்கு இது ரொம்பப் பொருந்தும். சேறு அப்பியிருக்கிற மழை நாளில் மட்டும் இது சரிப்படாது.

வாட்டர் சர்வீஸுக்கு விடுவதாக இருந்தால் பக்கத்தில் நின்று, "தண்ணியும் நுரையும் மட்டும் போதும்ணே, துணி நான் கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிவிடுங்கள். ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

கவர் விஷயத்தில் என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. தினமும் எடுக்கிற காருக்குக் கவர் வேண்டாம். தூசி படிந்த காரின் மேல் கவரைப் போட்டு இழுப்பதும் அழுக்குத் துணியால் துடைப்பதும் ஒன்றுதான். சாயங்காலம் கடல் காற்று எடுத்ததும் கவர் படபடவென்று அடித்துக்கொள்ளும். பானட்டின் விளிம்பு, சைடு மிரர், டிக்கி முனை ஆகிய இடங்களில்தான் முதலில் மங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த கவர் காயாமல் நாள்கணக்கில் ஒட்டிக் கிடந்தால் ஈரம் உள்ளேயே வேகும். பத்து நாள் ஊருக்குப் போகிறீர்கள் என்றால் மட்டும், காரைக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, உள்பக்கம் மெத்தென்ற துணி வைத்த, காருக்கு அளவாகத் தைத்த கவரைப் போட்டு, அடியில் பெல்ட்டை இறுக்கிவிட்டுப் போங்கள். நாய் கீறாமலிருக்க கவர் போட்டேன் என்பார்கள் சிலர். எங்கள் தெருப் பூனைக்குக் கவர் போட்ட கார்தான் முதல் சாய்ஸ், மெத்தை விரித்த மாதிரி இருக்கிறதாம்.

கோட்டிங்குக்கு வருவோம். டெலிவரி அன்று ஷோரூமில் உங்களைக் கரைக்கப் பார்ப்பார்கள். டெஃப்லான் கோட்டிங் என்று யாராவது இன்னும் விற்றால் சிரித்துவிட்டு நகருங்கள். டெஃப்லான் உருகவே 327 டிகிரி வேண்டும். தோசைக்கல்லில் அதை ஏற்றுவது அடுப்புச் சூளையில். உங்கள் காரை அந்தச் சூட்டில் வைக்க முடியாது. பாட்டிலில் டெஃப்லான் கலந்திருந்தாலும் தகட்டில் நிற்பது கூட இருக்கிற மெழுகுதான்.

செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் பூசி இறுக விடுகிற திரவப் பூச்சு, பொய் இல்லை. நன்றாகப் போட்டால் அழுக்கு லேசில் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் "9 எச் கடினம், கீறவே கீறாது" என்பதை நம்பாதீர்கள். அந்த 9 எச் பென்சிலை வைத்து அளக்கிற அளவு, நான் முன்னால் சொன்ன மோஸ் அளவு கிடையாது. மணல் அதையும் கீறும். இன்னொன்றைச் சொல்ல மாட்டார்கள்: செராமிக் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். பார்க்க அழகு. போர் தண்ணீர் முத்துகள் வெயிலில் காய்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு வெள்ளை வட்டம். தெருவில் நிற்கிற காருக்கு இது இரண்டு பக்கமும் கூரான கத்தி.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு பாட்டில் சின்தெடிக் சீலன்ட் (மெழுகு மாதிரி மேலே பூசுகிற செயற்கைப் பூச்சு) வாங்கி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஒரு மணி நேரம் செலவழித்து நானே பூசுவேன். கார்னோபா மெழுகு பளபளப்பில் அதைவிட ஒரு படி மேல்தான், பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுப்பது. ஆனால் 82 டிகிரியில் இளகத் தொடங்குகிற அது, நம்மூர் மே மாதத்தில் எவ்வளவு நாள் தாங்கும்? புது பெயின்ட்டுக்கு ஆறு மாதம் எதுவும் பூசக் கூடாது என்றும் சொல்வார்கள். அது பட்டறையில் அடித்த பெயின்ட்டுக்கு, அதற்குமே ஒன்றிரண்டு மாதம் போதும். கம்பெனி பெயின்ட் 140 டிகிரி அவனில் வெந்து இறுகி வருகிறது, முதல் வாரமே பூசலாம். பி.பி.எஃப். என்கிற பிளாஸ்டிக் படலம் ஒன்றுதான் கீறலை நிஜமாகவே தாங்கும், தடிமனே 150 முதல் 200 மைக்ரான். ஆனால் முழுக் காருக்கும் ஒட்டுகிற செலவில் காருக்கு ஷெட்டே போட்டுவிடலாம். அடிக்கடி நெடுஞ்சாலையில் போவீர்கள் என்றால் முன் பம்பருக்கும் பானட்டுக்கும் மட்டும் யோசியுங்கள்.

உங்கள் பக்கத்துக்கென்று இன்னொன்று. ஆற்காடு சாலையில் மெட்ரோ ரயில் வேலை நடந்தபோது சாலிகிராமம், வடபழனி கார்களில் பார்த்தது சாதாரணத் தூசி இல்லை, சிமென்ட் கலந்தது. பக்கத்து மனையில் வீடு கட்டினாலும் இதே கதைதான். சாதாரணத் தூசியை விட்டுவைக்கச் சொன்னேன், இதை விட்டுவைக்காதீர்கள். பனியோ தூறலோ பட்டால் காரின் மேலேயே இறுக ஆரம்பித்துவிடும். காய்ந்த நிலையிலேயே நிறையத் தண்ணீர் அடித்து இறக்கிவிட வேண்டும், துணி கூடாது. போகிச் சாம்பலுக்கும் இதுவே. தீபாவளி ராத்திரி காரை வேறு எங்காவது ஒளித்து வைக்க முடிந்தால் வையுங்கள்.

கடைசியாக வியாழக்கிழமை. ஷோரூமில் டெலிவரிக்கு முன்னால் காரைக் கழுவி, துடைத்து, பாலிஷ் போட்டு மினுக்குவார்கள். முதல் கீறல் பெரும்பாலும் அங்கேதான் விழும். முந்தின நாளே போன் பண்ணி, "வண்டியைத் தண்ணி மட்டும் ஊத்தி வைங்க, துடைக்க வேண்டாம், பாலிஷ் வேண்டாம்" என்று சொல்லி, வாட்ஸ்அப்பிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள். கார் பழுதாக இருக்கிறதோ என்று பார்க்கப் போகும்போது செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து பானட்டைப் பாருங்கள், கோடுகள் இருந்தால் தெரிந்துவிடும்.

பிறகு நேரே கோயிலுக்குத்தான் போவீர்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வையுங்கள், மாலையைப் போடுங்கள், அதிலெல்லாம் நான் தலையிடவில்லை. பானட்டில் மூன்று விரலால் சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைப்பார்கள், அதற்கு மட்டும் ஒரு வார்த்தை. குங்குமம் என்பது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைத்தது, கடையில் விற்பதில் சாயமும் இருக்கும். மஞ்சள் கறை வெயிலில் தானாக வெளுத்துவிடும், சாயமும் சுண்ணாம்பும் அப்படிப் போகாது. ஐயரிடம் முன்கூட்டியே, "சாமி, பொட்டைக் கண்ணாடி மேலயும் நம்பர் பிளேட்லயும் வெச்சுடுங்க" என்று சொன்னால் அவர் மறுக்க மாட்டார். அம்மா பானட்டில்தான் வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் வைக்கட்டும். வீட்டுக்கு வந்ததும், வெயில் ஏறும் முன், நனைத்த டிஷ்யூவை அதன் மேல் போட்டுவிட்டுக் காபி குடிக்கப் போங்கள்.